ஊசல் முதல் அணு வரை

வானொலியில் செய்தி தொடங்குவதற்குச் சற்று முன் ஒலிக்கும் நேரக் குறிப்பொலியைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும் வழக்கம் நம் இல்லங்களில் நெடுங்காலம் இருந்துவந்தது. என் தந்தையார் ஒவ்வொரு நாளும் காலையில் அந்த ஒலிக்காகக் காத்திருப்பார். குமிழைத் திருகிச் சாவி கொடுப்பார். முள்ளை இம்மியளவு நகர்த்துவார். கடிகாரத்தைக் காதருகே வைத்து ஓசை கேட்பார். அதன் பின்னரே அவருக்குப் பொழுது தொடங்கும். மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியேற்க நான் தில்லிக்குப் புறப்பட்ட நாளில், ரயில் நிலையத்தில் அந்தக் கடிகாரத்தைக் கழற்றி என் மணிக்கட்டில் கட்டிவிட்டார். அப்போது என் பெட்டிக்குள் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய வேறொரு கடிகாரமும் இருந்தது. அதற்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை. ஒரு மாதம் தொடாமல் வைத்திருந்தாலும் சில வினாடிகளே முன்பின்னாகும். தந்தையாரின் கடிகாரமோ ஒரே நாளில் அவ்வளவு மாறிவிடும்.

நூற்றுக்கு மேற்பட்ட நுண்ணிய உறுப்புகளைக் கொண்டது அந்தப் பழைய கடிகாரம். தேர்ந்த கைகள் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்துப் பொருத்தியது. அத்தகைய வேலைப்பாடு, சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஒரு சிறு பொருளிடம் தோற்றது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை காணப் புகுந்தால், மனிதன் காலத்தை அளக்கக் கற்றுக்கொண்ட முந்நூற்றைம்பது ஆண்டு வரலாறு நம் முன் விரிகிறது. கண்டுபிடிப்பாளரின் வெற்றியோடு, கைத்தொழிலாளரின் துயரமும் அவ்வரலாற்றில் கலந்திருக்கிறது.

எந்தக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டாலும் அது செய்யும் வேலைகள் இரண்டு. ஒரே கால அளவில் மீண்டும் மீண்டும் நிகழும் ஓர் அலைவு அதற்கு வேண்டும். அவ்வலைவுகளை எண்ணி, முள்ளாலோ எண்ணாலோ நமக்குக் காட்டும் அமைப்பு ஒன்றும் வேண்டும். தொட்டில் ஆடுவதை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு கடிகாரமே. ஆனால் தொட்டிலை அவ்வப்போது தள்ளிவிட வேண்டியிருக்கிறது. தள்ளாவிட்டால் நின்றுபோகும், தள்ளினாலோ அந்தக் கை படும் வேகத்தால் அதன் ஒழுங்கு கெடும். அலைவை நிற்கவிடாமலும் கெடுத்துவிடாமலும் காப்பது எப்படி என்பதே கடிகாரக் கலையின் அடிப்படைச் சிக்கல். இதனை மனத்திற்கொண்டால் பின்னர் வரும் செய்திகள் எல்லாம் எளிதில் விளங்கும்.

ஹாலந்து நாட்டுப் பேரறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1656-ஆம் ஆண்டில் ஊசல் கடிகாரத்தை அமைத்தார். அதற்கு முன்பு ஐரோப்பாவிலிருந்த கடிகாரங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழக் கால் மணி நேரம் தவறின. ஊசல் வந்தபின் அத்தவறு கால் நிமிடமாகச் சுருங்கிற்று. ஒரே பாய்ச்சலில் அறுபது மடங்கு முன்னேற்றம்! ஆயினும் ஊசலைச் சட்டைப் பையில் வைக்க முடியாது. ஆடும் கப்பலில் தொங்கவிடவும் முடியாது. எனவே 1675-இல் ஹைகன்ஸே, மெல்லிய சுருள்வில்லின் விசையால் இருபுறமும் திரும்பித் திரும்பி ஆடும் பாலன்ஸ் சக்கரத்தை வெளியிட்டார். நம் தந்தையர் காலம் வரை கைக்கடிகாரத்தின் இதயமாக விளங்கியது அந்தச் சக்கரமே.

அக்காலத்தில் சரியான நேரம் என்பது மாலுமிகளுக்கு உயிர்ப் பிரச்சினை. நடுக்கடலில் கப்பல் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறது என்பதை அறியத் துறைமுகத்தின் நேரம் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு வழி காண்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசளிப்பதென 1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இச்சவாலை ஏற்றவர் ஜான் ஹாரிசன் என்னும் தச்சர். பல்கலைக்கழகம் ஏறாதவர். தம் வாழ்நாளையே இப்பணிக்கு ஈந்த அவர் உருவாக்கிய நான்காம் கடிகாரம், 1761-இல் ஜமைக்காவை நோக்கிக் கப்பலேறிற்று. எண்பத்தொரு நாள் கழித்துச் சோதித்தபோது அது ஐந்து வினாடியே பின்தங்கியிருந்தது.

அதன் பிறகு வந்த இரு நூற்றாண்டுகளும் இதே வழியைச் செம்மை செய்வதில் கழிந்தன. சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப் பகுதியில், பனி மூடிய மாதங்களில் உழவர்கள் வீட்டுச் சாளரத்தின் அருகே அமர்ந்து கடிகார உறுப்புகளை அராவினர். அதுவே நாளடைவில் உலகுக்கே கடிகாரம் வழங்கும் பெருந்தொழிலாயிற்று. அங்கே கடிகாரக் குடும்பமொன்றில் பிறந்த ஷார்ல் எதுவார் கியோம், வெப்பத்தால் ஏறத்தாழ நீட்சியே அடையாத நிக்கல் எஃகைக் கண்டு 1920-இல் பௌதிகத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். 1921-இல் வில்லியம் ஷார்ட் என்னும் ஆங்கிலேய ரயில்வே பொறியாளர், காற்று நீக்கிய உருளைக்குள் ஓர் ஊசலைத் தனியே ஆடவிட்டு, எண்ணும் வேலையை மற்றோர் ஊசலிடம் ஒப்படைத்தார். தலைமை ஊசலுக்கு வேலைப் பளு இல்லை. அதனால் அதன் ஒழுங்கும் குலையவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு வினாடிதான் தவறு என்னும் நிலை வந்தது. ஊசலின் பெருமை அதனோடு உச்சியை எட்டிற்று. இதற்கு மேல் ஏற வேண்டுமானால் ஊசலைச் செம்மை செய்து பயனில்லை. வேறோர் அலைவைத் தேட வேண்டும்.

அந்த வேறோர் அலைவு கிடைத்த இடம் வியப்பானது. நம் பாட்டிமார் கழுத்தில் அணியும் ஸ்படிக மாலையை அறியாதவர் உண்டோ? தொட்டால் குளிர்ந்திருக்கும் அந்த ஸ்படிகமும், கடிகார முகப்பில் குவார்ட்ஸ் என்று பொறித்திருக்கிறார்களே, அதுவும் ஒரே பொருள்தான். அலுவலகத்தில் ஒரு முறை குவார்ட்ஸ் என்னும் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் தேடி அகராதிகளைப் புரட்டியபோது, வீட்டுப் பூசையறையில் இருந்த பொருளையே தேடிக்கொண்டிருந்தேன் என்பதை உணர்ந்து சிரித்துக்கொண்டேன்.

1880-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ழாக் க்யூரி, பியேர் க்யூரி என்னும் சகோதரர் இருவர், ஸ்படிகத்தை அழுத்தினால் அதன் பரப்பில் மின்சாரம் தோன்றுகிறது என்று கண்டனர். அதற்கு மறுதலையாக, மின்சாரத்தைச் செலுத்தினால் ஸ்படிகம் சற்றே வளைகிறது என்பதும் அடுத்த ஆண்டே தெளிவாயிற்று. மின்சாரத்தை முறையாகச் செலுத்திவந்தால், வெட்டிய அளவுக்கும் வடிவத்துக்கும் ஏற்ற ஒரே வேகத்தில் ஸ்படிகத் துண்டு ஓயாது அதிரும். வினாடிக்கு ஒரு முறையோ ஐந்து முறையோ அன்று, பல்லாயிரம் முறை. அதனைத் தள்ளிவிடப் பற்சக்கரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், உராய்வு என்பதும் ஏறத்தாழ இல்லை. தொட்டிலைக் கை படாமலே ஆட்டும் வித்தை கைகூடிவிட்டது.

அமெரிக்காவிலுள்ள பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வாரன் மாரிசனும் அவருடைய துணைவர் ஜோசப் ஹார்ட்டனும் 1927-இல் முதல் ஸ்படிகக் கடிகாரத்தை இயக்கினர். அடுத்த பத்தாண்டுக்குள் இத்தகைய கடிகாரங்கள் ஒரு துணிவான செய்தியை உலகுக்கு அறிவித்தன. மனிதன் ஆதிமுதல் காலத்தின் அளவுகோலாகக் கொண்டாடிவந்த பூமியின் சுழற்சியே முற்றிலும் சீரானதன்று. பருவத்திற்கேற்ப மிக நுண்ணிய அளவில் விரைந்தும் தணிந்தும் சுழல்கிறது என்று ஜெர்மானிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1930-களின் நடுவில் எடுத்துக்காட்டினர். மாணவன் ஆசிரியரின் பிழையைக் கண்டுபிடித்தது போன்ற நிகழ்ச்சி அது.

ஆனால் அக்கடிகாரங்கள் அலமாரி அலமாரியாக இடத்தை அடைத்துக்கொண்டன. வெற்றிடக் குழாய்கள் கனன்றன. அவற்றை மணிக்கட்டுக்குக் கொண்டுவர முடியும் என்று அன்று சொல்லியிருந்தால் கேட்டவர் நகைத்திருப்பர். அதற்கு இன்னும் நாற்பதாண்டு காலம் தேவைப்பட்டது.

முதல் முயற்சி அரைகுறையாக அமைந்தது. அமெரிக்காவின் ஹாமில்ட்டன் நிறுவனம் 1957-இல் மின்கலத்தால் ஓடும் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவி கொடுக்கும் வேலை ஒழிந்தது உண்மையே. எனினும் உள்ளே ஆடியது பழைய பாலன்ஸ் சக்கரம்தான். தள்ளும் கை மாறிற்று; தொட்டில் மாறவில்லை. எனவே துல்லியமும் பெரிதும் உயரவில்லை. மின்னோட்டத்தைத் தொட்டுத் தொட்டு விடும் நுண்ணிய முனைகளும் நாளடைவில் தேய்ந்தன.

தொட்டிலையே மாற்றியவர் மாக்ஸ் ஹெட்சல் என்னும் சுவிஸ் பொறியாளர். சங்கீத வித்துவான்கள் சுருதி பார்க்கப் பயன்படுத்தும் இசைக்கவை என்னும் கருவியை நீங்கள் கண்டிருக்கலாம். அதன் சிறு உருவம் ஒன்றைக் கடிகாரத்துக்குள் வைத்து, அப்போதுதான் வழக்குக்கு வந்திருந்த டிரான்சிஸ்டரின் துணையால் வினாடிக்கு 360 முறை அதிரச் செய்தார். அவ்வதிர்வை எண்ணும் சக்கரத்தின் விட்டம் இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் விளிம்பில் முந்நூறு பற்கள்! அமெரிக்காவின் புலோவா நிறுவனம் 1960-இல் அக்யுட்ரான் என்னும் பெயரால் இதனை வெளியிட்டு, மாதத்துக்கு ஒரு நிமிடத்திற்கு மேல் தவறாது என உறுதி கூறிற்று. காதில் வைத்தால் டிக் டிக் என்னும் ஓசை இல்லை. வண்டு முரல்வது போன்ற மெல்லிய ரீங்காரம் கேட்கும். மின்னணுவியல் மனிதனின் மணிக்கட்டில் ஏறியது அன்றுதான்.

தம் நாட்டுப் பொறியாளரின் கண்டுபிடிப்பு அமெரிக்க நிறுவனத்தின் பெயரால் உலகை வலம்வருவதைச் சுவிஸ் கடிகாரத் தொழிலதிபர்கள் கவனிக்கவே செய்தனர். போட்டிக்கு நடுவிலும் ஒன்றுகூடி, 1962-இல் நியூஷாத்தெல் நகரில் மின்னணுக் கடிகார ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவினர். ஜப்பானில் சுவா என்னும் ஏரிக்கரை நகரில் சைக்கோ நிறுவனத்தின் பொறியாளர்கள் 1959-இலேயே இதே குறிக்கோளுடன் பணியைத் தொடங்கியிருந்தனர். மலையும் ஏரியும் தெளிந்த காற்றும் உடைய அவ்வூரைக் கீழைநாட்டுச் சுவிட்சர்லாந்து என்று அழைப்பதுண்டு.

1967-ஆம் ஆண்டு கோடையில் நியூஷாத்தெல் ஆய்வாளர்கள் ஸ்படிகத்தால் ஓடும் கைக்கடிகாரத்தின் முதல் உருவை முடித்துவிட்டனர். அவ்வூர் வானாராய்ச்சி நிலையம் ஆண்டுதோறும் கடிகாரங்களுக்குத் துல்லியப் போட்டி நடத்துவது வழக்கம். அவ்வாண்டுப் போட்டியில் சுவிஸ் ஸ்படிகக் கடிகாரங்கள் முதலிடங்களைப் பெற்றன. ஜப்பானியரின் கருவிகளும் அப்போட்டிக்கு வந்திருந்தன. பரம்பரை பரம்பரையாகச் சுருள்வில்லை முறுக்கியும் தளர்த்தியும் பரிசு பெற்ற வல்லுநர்களின் கடிகாரங்கள் பின்னே நின்றன. அந்த விதத்தில் சுவிஸ் மக்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே முதலில் கண்டவர்கள்.

ஆனால் கண்டது வேறு, கைக்கொண்டது வேறு. 1969-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் டோக்கியோவில் சைக்கோ நிறுவனம் அஸ்ட்ரான் என்னும் ஸ்படிகக் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. தங்கக் கூடு, விலை 450,000 யென், அன்று ஒரு சிறு மோட்டார் காரின் விலைக்கு நிகர். மாதத்துக்கு ஐந்து வினாடிக்கு மேல் தவறாது என்றனர். சுவிஸ் நிறுவனங்கள் கூட்டாகச் செய்த பீட்டா 21 என்னும் கடிகார இயந்திரம் சில மாதங்கள் கழித்து 1970 ஏப்ரலில் பேசல் நகரக் கண்காட்சியில் அரங்கேறிற்று.

இக்கடிகாரம் வேலைசெய்யும் முறையைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். அஸ்ட்ரானின் ஸ்படிகம் வினாடிக்கு 8,192 முறை அதிர்ந்தது. இந்த எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை. இதனைப் பாதியாக்கி, அதனையும் பாதியாக்கி, இவ்வாறே பதின்மூன்று முறை செய்தால் சரியாக ஒன்று கிடைக்கும். பாதியாக்கும் வேலை மின்சுற்றுகளுக்கு மிக எளிது. இறுதியில் கிடைக்கும் வினாடிக்கொரு துடிப்பு, சின்னஞ்சிறு மின்பொறியைத் தூண்டி முள்ளை ஓரடி நகர்த்தும். 1970-களில் ஸ்படிகத்தை இசைக்கவை வடிவில் மிகச் சிறிதாகச் செதுக்கும் முறை வந்தபின், 32,768 அதிர்வுகள் என்பதே பொது வழக்காயிற்று. இதனைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும். இன்று உங்கள் கையிலுள்ள சாதாரணக் கடிகாரத்திலும் சுவரில் தொங்கும் கடிகாரத்திலும் இந்த எண்ணே ஓடிக்கொண்டிருக்கிறது.

என் முதல் கேள்விக்கு இங்கே விடை கிடைத்துவிடுகிறது. தந்தையாரின் கடிகாரத்தில் வினாடிக்கு ஐந்து துடிப்பு. கையை வீசினாலும், தலைகீழாகப் படுக்கவைத்தாலும், எண்ணெய் உலர்ந்தாலும் ஒவ்வொரு துடிப்பும் சிறிது பாதிக்கப்படும். ஸ்படிகத்திலோ துடிப்புகள் பல்லாயிரம். கையின் அசைவு அதனை ஏறத்தாழத் தொடுவதே இல்லை. மலிவான கடிகாரத்தை வெற்றிபெறச் செய்தது அதனைப் பொருத்தியவரின் திறமையன்று. அது தேர்ந்துகொண்ட அலைவின் இயல்பே. எத்துணைச் சிறந்த கைவினையும் தான் பற்றிய அலைவின் எல்லையைத் தாண்ட இயலாது.

புதிய கடிகாரம் நெடுநாள் செல்வர் பொருளாக இருக்கவில்லை. 1972-இல் ஹாமில்ட்டன் நிறுவனம் முள்ளே இல்லாத, சிவந்த எண்களால் நேரம் காட்டும் பல்சார் கடிகாரத்தை 2,100 டாலர் விலையில் விற்றது. மின்செலவு மிகுதியாதலால் பொத்தானை அழுத்தினால்தான் எண் ஒளிரும். 1973-இல் சைக்கோ வெளியிட்ட திரவப் படிக முகப்பு, எண்களை எந்நேரமும் காட்டிற்று. 1976-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் மின்னணுக் கடிகாரத்தை 20 டாலருக்கு இறக்கிவிட்டது. நான்கே ஆண்டுகளில் விலை நூறில் ஒரு பங்காயிற்று. வானாராய்ச்சி நிலையங்களும் கப்பற்படைகளும் மட்டுமே வைத்திருந்த துல்லியம், கூலி வேலைக்குச் செல்பவரின் கைக்கு எட்டிற்று. இந்நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயினும் அதன் விலையை வேறு சிலர் கொடுத்தனர். 1970-இல் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் பேர் வேலைபார்த்தனர். 1980-களின் நடுவில் அத்தொகை முப்பதாயிரத்தைச் சற்றே தாண்டிற்று. ஜூரா பள்ளத்தாக்குகளில் தெருத்தெருவாகப் பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு சிறு திருகின் தலையைப் பளபளப்பாக்கும் கலையில் முப்பதாண்டு தேர்ந்த கை, ஒரே நாளில் வேலையற்ற கையாயிற்று. அவர்கள் சோம்பியதாலோ அறியாமையாலோ இது நேரவில்லை. பழைய கடிகாரங்கள் நன்றாக விற்றுக்கொண்டிருந்தன. நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் ஒன்றையொன்று நம்பிப் பிழைத்தன. ஆய்வுக்கூடத்தில் கண்ட புதுமையை ஏற்றால் சொந்த வீட்டின் தூண்களைத் தாமே அகற்ற வேண்டியிருந்தது. தயங்கினர்; காலம் தயங்கவில்லை. 1983-இல் ஐம்பத்தோர் உறுப்புகள் மட்டுமே கொண்ட ஸ்வாட்ச் என்னும் பிளாஸ்டிக் ஸ்படிகக் கடிகாரம் வெளிவந்த பின்னரே அத்தொழில் மெல்ல மூச்சுவிட்டது.

இக்கதை நம் நாட்டிலும் சிறிய அளவில் நடந்தேறிற்று. எச்.எம்.டி. என்று நாம் அழைக்கும் பொதுத்துறை நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961-இல் பெங்களூரில் கைக்கடிகார ஆலையை அமைத்தது. தேர்வில் தேறிய மாணவனுக்கும், மணமேடை ஏறும் மாப்பிள்ளைக்கும், முதற் சம்பளம் வாங்கிய இளைஞனுக்கும் அக்கடிகாரமே பரிசு. ஸ்படிகக் கடிகாரத்தையும் அந்நிறுவனம் செய்தது. எனினும் அதன் பெரும்பகுதி உற்பத்தி சாவிக் கடிகாரமாகவே நீடித்தது. பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவில் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் ஓசூரில், தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் கூட்டாக 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனமோ, முதலிலிருந்தே ஸ்படிகத்தை நம்பிற்று. 1987-இல் அதன் கடிகாரங்கள் கடைக்கு வந்தன. கிராமங்களிலிருந்து வந்த இளைஞர் பலர் அவற்றைப் பொருத்தினர். 2016-இல் எச்.எம்.டி. கைக்கடிகாரப் பிரிவை மூடிவிட மத்திய அரசு முடிவுசெய்தது. நாட்டுக்கே நேரம் காட்டிய ஆலையின் சங்கு அடங்கிற்று.

நேயர்களே, கடிகாரம் எவ்வளவு துல்லியமாக ஓடினாலும் மற்றொரு கேள்வி எஞ்சி நிற்கிறது. எந்த நேரத்துக்கு அதனைச் சரிசெய்வது? மாதுங்காவிலும் கரோல் பாகிலும் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டிலும் வாழும் நமக்கு இக்கேள்வி இன்று எழுவதில்லை. நம் முன்னோருக்கு எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை, பம்பாய், கல்கத்தா ஒவ்வொன்றும் தன் தன் நேரத்தைப் பின்பற்றிற்று. சென்னையில் பகல் பன்னிரண்டு என்றால் பம்பாயில் பதினொன்றரை. கல்கத்தாவில் பன்னிரண்டரையும் தாண்டியிருக்கும். நடுவில் அமைந்த சென்னை நேரத்தையே ரயில்வேக்கள் தமக்குப் பொது நேரமாகக் கொண்டன. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாராய்ச்சி நிலையம் அந்நேரத்தைக் கணித்துத் தந்தது. அவ்வாண்டைப் பொறித்த கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் உண்டு. 1906 ஜனவரி முதல் நாள் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னைக் கடிகாரங்கள் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னே நகர்ந்தன. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தம் பழைய நேரத்தை விடாது போற்றின.

அந்த 1955-ஆம் ஆண்டிலேதான் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும் சீசியம் அணுவை அடிப்படையாகக் கொண்ட கடிகாரத்தை இயக்கினர். ஸ்படிகத் துண்டு ஒவ்வொன்றும் வெட்டும் கைக்கேற்பச் சிறிது வேறுபடும், முதுமையும் அடையும். சீசியம் அணுவோ எங்கும் ஒரே தன்மையது, தேய்வதில்லை. 1967-இல், நியூஷாத்தெலில் ஸ்படிகக் கைக்கடிகாரம் பிறந்த அதே ஆண்டில், உலக நாடுகள் கூடி வினாடிக்குப் புதிய இலக்கணம் வகுத்தன. சீசியம் அணுவின் குறித்த கதிர்வீச்சு 9,192,631,770 முறை அலைந்து முடியும் காலமே ஒரு வினாடி. நாளைப் பகுத்து வினாடியைப் பெற்ற காலம் போய், வினாடியைத் தொகுத்து நாளைப் பெறும் காலம் வந்தது.

நம் நாட்டின் நேரத்தைக் காத்துவருவது புது தில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம். அதன் முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் பிறந்து தில்லிக்கு வந்து பெரும்புகழ் எய்திய விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணன். ஆய்வுக்கூடத்தின் முன் செல்லும் சாலை அவர் பெயரையே தாங்குகிறது. உலகில் எண்பதுக்கு மேற்பட்ட ஆய்வுக்கூடங்களில் ஓடும் நானூற்றுக்கு மேற்பட்ட அணுக் கடிகாரங்களைப் பாரிசுக்கு அருகிலுள்ள சர்வதேச அளவை நிலையம் ஒப்பிட்டுப் பொது நேரத்தை வகுக்கிறது. பூமியின் தள்ளாட்டத்துக்கு இசைய 1972 முதல் இருபத்தேழு முறை ஒரு வினாடி சேர்க்கப்பட்டுள்ளது. கடைசி முறை அது நம் நாட்டில் 2017 ஜனவரி முதல் நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு முன் சேர்ந்தது. 2035-க்குள் இவ்வழக்கத்தை மாற்றிவிடுவதென 2022-இல் நாடுகள் தீர்மானித்திருக்கின்றன.

இத்தனை நுட்பம் எதற்கு என்று கேட்கலாம். வானில் சுற்றும் செயற்கைக் கோள்கள் அனுப்பும் குறிப்பின் நேரத்தைக் கொண்டே நம் கைப்பேசி வழி காட்டுகிறது. அந்நேரம் வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால், இடம் முந்நூறு மீட்டர் தவறும். ஹாரிசனின் கப்பலுக்கும் நம் ஆட்டோ ரிக்ஷாவுக்கும் தேவை ஒன்றே. 2013-இல் இந்தியா தன் சொந்த வழிகாட்டிக் கோள்களின் வரிசையைத் தொடங்கியபோது, அவற்றின் அணுக் கடிகாரங்களை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. முதல் கோளின் மூன்று கடிகாரங்களும் சில ஆண்டுகளில் பழுதுற்றன. கோள் வானில் இருந்தும் அதனைக் கொண்டு இடம் கணிக்க இயலவில்லை. 2023 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய கோளில், நம் நாட்டிலேயே ஆக்கிய ரூபிடியம் அணுக் கடிகாரம் முதன்முறையாக ஏறிச் சென்றது. காலத்தை அளக்கும் திறனைப் பிறரிடம் கடன் வாங்கும் நாடு, தன் வழியையும் கடன் வாங்க நேரும் என்பது அனுபவம் தந்த பாடம்.

தந்தையார் கட்டிவிட்ட கடிகாரம் இன்றும் என்னிடம் இருக்கிறது. கரோல் பாகில் அதனைப் பழுதுபார்த்துத் தந்த முதியவர் கடையை மூடிவிட்டார். அவர் மகன் கைப்பேசிகளைப் பழுதுபார்க்கிறார். அக்கைப்பேசிகளுக்குள்ளும் ஒரு சிறு ஸ்படிகம் அதிர்ந்துகொண்டிருக்கும். தன் தொழில் மறைவதை அறிந்தும் அந்த முதியவர் கடைசிவரை ஒரு சுருள்வில்லைக்கூட அலட்சியமாகத் தொட்டதில்லை. அந்த நேர்மைதான் ஹைகன்ஸையும் ஹாரிசனையும் எஸ்ஸனையும் முன்னே செலுத்தியது. சுவிஸ் பட்டறைகளில் அதற்குக் குறைவில்லை. ஒன்றை மிக நன்றாகச் செய்யத் தெரிந்தவர்க்கு அதனைவிட்டு எழுந்து வேறொன்றைத் தொடங்குவது எவ்வளவு கடினம் என்பதே அவர்களின் துயரம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, சரியான நேரத்துக்கு முள்ளை நகர்த்துகிறேன். மறுநாள் பார்த்தால் சில வினாடி தவறியிருக்கும். மீண்டும் சரிசெய்கிறேன். தன் பிழையை ஒப்புக்கொண்டு அளவையோடு ஒத்துப்போவதே கடிகாரத்துக்கு அழகு என்று தந்தையார் சொல்வதுண்டு.